உச்சிக்குழியும் ஒரு லிட்டர் தண்ணீரும்

மதி,

நேற்று நீ அனுப்பிய வீடியோவை நானும் உன் அம்மாவும் பத்துப் பதினைந்து தடவை பார்த்திருப்போம். அரை நிமிஷம்கூட இல்லாத வீடியோ. பாப்பா மல்லாந்து தூங்குகிறாள். சட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு வயிற்றை மட்டும் எடுத்திருக்கிறாய். வயிறு வேகவேகமாக ஏறி இறங்குகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவதற்குள் பார்க்கிற எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. அப்புறம் ஒரு சின்னப் பெருமூச்சு விட்டுவிட்டு அவள் பாட்டுக்கு மறுபடி மூச்சுவிட ஆரம்பிக்கிறாள். கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, இது சரியாத்தான் இருக்கா?" அதற்கு நான் பதில் எழுதுவதற்குள் போனே பண்ணிவிட்டாய். "வெள்ளிக்கிழமை பெரம்பலூர் வூட்டுக்குப் போயிடுவோம்ப்பா. இங்க பூலாம்பாடியில கயல் வூட்டுல அத்தை மாமா எல்லாரும் இருக்காங்க. அங்க நானும் கயலும் மட்டும்தான். சமாளிச்சுடுவோமா?" என்றாய். "அதெல்லாம் சமாளிச்சுடுவீங்கடா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று. அந்தச் சுலபமான பதிலுக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். பிறந்து சில வாரமே ஆன பிள்ளைகள் அப்படித்தான் மூச்சு விடும். கொஞ்சம் ஓடும், சில விநாடி நிற்கும், மறுபடி ஓடும். உதட்டு நிறம் மாறாமல், பிள்ளை நன்றாகப் பால் குடித்துக்கொண்டு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நீயும் அப்படித்தான் இருந்தாய். நான் உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. ஆனால் கால் நிமிஷத்துக்கு மேல் நின்றாலோ, உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலோ, மூச்சு விடும்போது முனகினாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தாலோ வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதே. தூக்கிக்கொண்டு ஓடு. எண்ணுவதென்றால் பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். பாதி நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது இந்த வயதில் ஆகாது. நின்று நின்று ஓடுகிற மூச்சு கணக்கை ஏமாற்றிவிடும். ரெண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு அறுபதும் அதற்கு மேலும் வந்தால், இன்னொரு தடவை எண்ணிப் பார். அப்போதும் அறுபதுக்குக் குறையவில்லையென்றால் ஆஸ்பத்திரி. அதேபோல இந்த வயதில் காய்ச்சல் என்றால், அது எவ்வளவு லேசானதாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். பெரிய பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றிவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதுபோல இருக்கக் கூடாது. உடம்பு சில்லிட்டுப் போய், பால் குடிக்காமல் கிடந்தாலும் அதே அவசரம்தான்.

பிறந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. உன்னைக் கையில் கொடுத்த முதல் வாரத்தில் நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. நாளுக்கு இருபது தடவை தும்மினாய், சளி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கதவு சாத்துகிற சத்தத்துக்கு இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டாய், நரம்புக் கோளாறு என்று நினைத்தேன். கண் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போனது. கால் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. ஐந்தாம் நாள் உன் மார்பு இரண்டும் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஒருவர் "பிதுக்கி எடுத்துடணும்" என்றார். உன் அம்மா உன்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "தொடக்கூடாது, ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அது தானாக வற்றிவிடும், பிதுக்கினால்தான் சீழ் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தும்மல் மூக்கைச் சுத்தம் பண்ணிக்கொள்கிற வேலை, தூக்கிப்போடுவது விழாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கிற வேலை, இரண்டையும் யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லை என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. இந்த வயதில் பிள்ளைக்கு வாயால் பேச வராது, உடம்பால் பேசும். பேசிக்கொண்டே இருக்கும். கேட்கிறவனுக்குத்தான் காது வேண்டும். எனக்கு அந்தக் காது இல்லாமல் போன ஒரு நாளைப் பற்றி உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

உனக்கு அப்போது எட்டு மாதம். நாம் விக்கிரமங்கலத்தில் இருந்தோம். ஜெயங்கொண்டத்திலிருந்து விக்கிரமங்கலம் வழியாக அரியலூர் போய் வருகிற ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். சித்திரை மாத வெயில். ஆண்டிமடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தோம். அங்கே யாரோ ஆசையாக உனக்கு ரெண்டு வாய் சர்பத் கொடுத்தார்கள். அதனால்தானா, வேறு எதனாலா தெரியாது. மறுநாள் காலையிலிருந்து உனக்கு வயிறு போக ஆரம்பித்தது. தண்ணீராகப் போனது. மத்தியானத்துக்குள் ஏழெட்டுத் தடவை. குடித்த பாலையும் கக்கினாய். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "பால் குடுக்காத. குடுக்கக் குடுக்கத்தானே போவுது? வயிறு காயட்டும், தானா நின்னுடும்."

"தாகமா இருக்குமேங்க," என்றாள் உன் அம்மா.

"தண்ணியும் வேணாம்."

பஸ்ஸில் நாலு பேர் பேசியதைக் கேட்டுவிட்டுச் சொன்ன வைத்தியம் அது. ஆனால் டாக்டர் மாதிரி சொன்னேன். தினமும் டவுனுக்குப் போய் வருகிறவன், எல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். வாய் திறந்து, முகம் சிவந்து அழுகிறாய், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை நான் பார்த்தேன் மதி. பார்த்துவிட்டு, "கண்ணீரே வரல பாரு, நடிக்கிறான் பய" என்று சிரித்தேன். உன் உடம்பு அதற்குத் தெரிந்த மொழியில் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது, எனக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது.

விடியற்காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "நின்னுடுச்சு பாத்தியா" என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனேன். இரண்டாவது நடையில், பத்து மணி இருக்கும், விக்கிரமங்கலம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஏறுகிற கூட்டத்தில் உன் அம்மா நின்றாள். தோளில் நீ. தலை அவள் கழுத்தோடு சாய்ந்து கிடந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அதான் நின்னுடுச்சே?"

"போறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பக்கத்து சீட்டில் நீலச் சேலை கட்டிய ஒரு கிராமத்து நர்சம்மா இருந்தார். நாற்பது வயது இருக்கும். மடியில் ஒரு பெரிய பை, தண்ணீர் பாட்டில். "ஏம்மா, பிள்ளைய இப்படித் திருப்பு," என்றார். திருப்பியதும் உடனே தொட்டுவிடவில்லை. சும்மா பார்த்தார். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே பார்த்தேன். ஒரு ஆள் ஒரு பிள்ளையை அவ்வளவு நேரம், அவ்வளவு ஊன்றிப் பார்த்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பிறகு இரண்டு விரலை உன் உச்சந்தலையில் வைத்தார். "உச்சிக்குழி உள்ள எறங்கியிருக்கு. கண்ணப் பாரு, குழி விழுந்துடுச்சு." வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். சட்டென்று விரிய வேண்டிய தோல், மடித்து வைத்த துணி மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்று மெதுவாகத்தான் போனது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

"நேத்து சாயந்தரங்க."

"பால் குடுக்குறியா?"

அவள் உன் சட்டையைக் கீழே இழுத்து விட்டாள்.

"ஒன்னத்தாம்மா கேக்குறேன். குடுக்குறியா, நிறுத்திட்டியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நிறுத்திட்டியா? படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. பச்சப் பிள்ளைக்கு ஒடம்புல இருக்குற தண்ணியெல்லாம் வெளிய போவுது, மேல ஊத்தாம நிறுத்துனா அது எத வச்சித் தாங்கும்?" பஸ்ஸில் இருந்த எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு சீட்டுத் தள்ளி நான் நின்றேன். 'நான்தாங்க பாலை நிறுத்தச் சொன்னேன்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. நாலு வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை. காக்கிச் சட்டை, தோளில் பை, எல்லோரும் சார் என்று கூப்பிடுகிற ஆள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. உனக்குப் பால் நிறுத்தச் சொன்னது அறியாமை. அதை மன்னித்துவிடலாம். ஆனால் அந்த நாலு வார்த்தையை முழுங்கியது அறியாமை இல்லை.

"மொதல்ல மாருல போடு," என்றார் நர்சம்மா. பையிலிருந்து ஒரு உப்புக் கரைசல் பாக்கெட்டை எடுத்தார். அவருடைய பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் சரியாக ஒரு லிட்டர் இருந்தது. ஊர் ஊராகப் போகிறவர், அதற்காகவே எடுத்து வருவாராம். பாக்கெட்டை முழுதாக அதில் கொட்டிக் குலுக்கினார். பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்பூனை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். நர்சம்மா முன்பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "டிரைவர், எங்கயும் நிறுத்தாம அரியலூர் ஆஸ்பத்திரிக்கு விடுங்க. வேகமா விடுங்க, ஆட்டாம விடுங்க." டிரைவர் கோவிந்தண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஒன் பிள்ளையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நடுவில் இறங்க வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "எங்கள திரும்பி வர்றப்ப எறக்கி விட்டுக்கலாம், போங்க," என்றார் ஒருவர். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகிற சாலை அது. அந்த லாரிகளுக்கு நடுவே கோவிந்தண்ணன் அன்றைக்கு ஓட்டியதைக் குலுங்காத தேரோட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒரு ஸ்பூன். நிறுத்து. முழுங்கட்டும். இப்ப இன்னொண்ணு," என்று நர்சம்மா சொல்லச் சொல்ல உன் அம்மா ஊட்டினாள். துவண்டு கிடந்த நீ, நாக்கில் ஈரம் பட்டதும் கண்ணைத் திறந்தாய். மூன்றாவது ஸ்பூனுக்குத் தலையைத் தூக்கினாய். அடுத்த ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாய். நர்சம்மாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. "கேட்டுக் குடிக்கிறான்ல, நல்லது. குடிக்கவும் மாட்டாம தொவண்டு கெடந்தான்னாதான் எனக்கு ஈரக்கொல நடுங்கும்," என்றார். கொஞ்ச தூரம் போனதும் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டாய். அவ்வளவுதான் என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் சும்மா இரு. அப்புறம் இன்னும் மெதுவா குடுக்கலாம். வாந்தி எடுத்தா நிறுத்திடக்கூடாது." பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள். அந்தப் பத்து நிமிஷமும் எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, வழியிலேயே ஆரம்பிச்சுட்டீங்க. இப்ப குளுக்கோஸ் ஏத்த வேணாம். என் கண்ணு முன்னாடி நாலு மணி நேரம் இதையே குடுங்க. குடிக்க முடியலன்னாதான் ஊசி," என்றார். நர்சம்மா ஏதோ மீட்டிங்குக்குப் போக வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கோவிந்தண்ணன் எனக்குப் பதில் ஒரு ஆளைப் பிடித்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸை எடுத்துப் போனார். உன் அம்மா கை மரத்துப்போய் உன்னை என் மடியில் வைத்தாள். ஸ்பூனை நான் வாங்கினேன். நாலு மணி நேரம் மதி. ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம், ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம். நடுநடுவே அவள் பால் கொடுத்தாள். வாடிக் கிடந்த கடலைச் செடி தண்ணீர் பாய்ந்த கொஞ்ச நேரத்தில் இலையைத் தூக்குவதைக் கொல்லையில் பார்த்திருக்கிறேன். அதை ஒரு பிள்ளையின் முகத்தில் அன்றைக்குப் பார்த்தேன். குழிக்குள் போயிருந்த கண் மேலே வந்தது. உதட்டில் ஈரம் வந்தது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாய். ஒரு தடவை அழுதபோது கண்ணோரம் ஒரு சொட்டு நின்றது. அதைத் துடைக்கக் கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இது என்ன மருந்துங்க சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். இவ்வளவு வேலை செய்கிறதே, பெரிய மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். "உப்பு, சர்க்கரை, தண்ணி. அளவுதான் மருந்து," என்றார். அவர் சொல்லி முடித்த சற்று நேரத்தில் என் தொடையில் சூடாக ஏதோ பரவியது. நீ என் காக்கிப் பேண்ட் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாய். நான் கத்தினேன்: "சார், போயிட்டான்! போயிட்டான் சார்!" வார்டில் இருந்த பெண்கள் எல்லோரும் பதறித் திரும்பினார்கள். நான் சொன்னது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. உன் அம்மா பேண்ட்டைக் காட்டி விளக்கினாள். அப்புறம் அந்த வார்டு சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். அந்த ஈரத்தோடேதான் வீட்டுக்கு வந்தேன். துவைக்க மனசு வரவில்லை.

அந்தப் பாக்கெட் இன்றைக்கு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். பெரம்பலூர் வீட்டில் இரண்டு வாங்கி வை. எந்த அளவுத் தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவில், முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதி போட்டுப் பாதி வைப்பது, கெட்டியாக இருந்தால் நல்லது என்று தண்ணீரைக் குறைப்பது, இரண்டும் ஆபத்து. ஒரு நாளைக்கு மேல் கரைத்ததை வைத்திருக்காதே. ஜூஸ் கடையில் விற்கிற ஜூஸ் இதற்குப் பதில் ஆகாது. கூடவே ஜிங்க் என்கிற துத்தநாக மருந்து எழுதித் தருவார்கள், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். பாப்பாவுக்கு இப்போது தாய்ப்பால் ஒன்றுதான் சாப்பாடும் தண்ணீரும். வெயில் என்று தண்ணீர் காட்டாதே, தேன் தடவாதே. பால் மட்டும் குடிக்கிற பிள்ளை நாளுக்கு ஏழெட்டுத் தடவை இளகலாகப் போவதும், சில பிள்ளைகள் நாலு நாள் போகாமல் இருப்பதும் நோயில்லை. வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீராகப் போனால்தான் நோய். மலத்தில் ரத்தம் வந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே. ஒரு நாளில் ஆறு தடவையாவது துணி நனைகிறதா என்று பார்த்துக்கொள். துணி நனைவதைப் போல நல்ல செய்தி உலகத்தில் இல்லை.

அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பார்வையே மாறிவிட்டது. முன்பெல்லாம் பிள்ளை கத்தினால் எரிச்சலாக இருக்கும். பிறகு, கத்துகிற பிள்ளையைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும், கத்தத் தெம்பு இருக்கிறது என்று. சத்தமே போடாத பிள்ளையைத்தான் தேடிப் போய்ப் பார்ப்பேன். சில வருஷம் கழித்து அரியலூர் பெரம்பலூர் தடத்துக்கு மாறியிருந்தேன். ஒரு இளம் தம்பதி, பிறந்து ஐந்தாறு நாள் ஆன பிள்ளையோடு ஏறினார்கள். பெரம்பலூர் நெருங்கும்வரை பிள்ளை அசையவில்லை. "ரொம்ப சமர்த்து, பாலுக்குக் கூட எழுந்திரிக்க மாட்டேங்குது," என்று அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிள்ளையின் உள்ளங்கால் மஞ்சளாக இருந்தது. நான் குனிந்து, "மஞ்சக்காமாலை கால்வரைக்கும் எறங்கியிருக்கும்மா, ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போயிடுங்க," என்றேன். அந்தப் பையனுக்குக் கோபம். "வெயில்ல காட்டுனா போயிடும்னாங்க. நீங்க டிக்கெட்டப் பாருங்க சார்," என்றான். நான் நகர்ந்துவிட்டேன். பெரம்பலூரில் இறங்கும்போது அவள் மட்டும் ஒரு தடவை துணியை விலக்கி அந்தக் காலைப் பார்த்தாள். அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது கூட்டத்தில் தெரியவில்லை. அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

ஒரே ஒரு தடவை நாங்கள் சரியாக நடந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒருவர் கையில் கொடுக்க இரும்புச் சாவியோடு வந்தார், இன்னொருவர் பல்லுக்கு நடுவே வைக்கக் கரண்டியோடு வந்தார். உன் அம்மா, "வாயில ஒண்ணும் வெக்காதீங்க, யாரும் பிடிக்காதீங்க," என்று குறுக்கே நின்றாள். உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், சட்டையைத் தளர்த்தினோம், கடிகாரத்தைப் பார்த்தோம். இரண்டு நிமிஷத்தில் நின்றது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஆட்டோவில் போகும்போதே நீ பிஸ்கட் கேட்டாய். அவ்வளவு பெரிய புயல் அடித்துவிட்டுப் போன இடத்தில் பிஸ்கட். எதனால் ஆன உடம்பு இதெல்லாம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

பாப்பாவைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடச் சொல்வார்கள், வசம்பு சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்வார்கள். பிரியத்தில் சொல்கிறவர்கள், சண்டை போடாதே. "டாக்டர் திட்டுறாருங்க அத்தை" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடு. மூக்கில் விடுகிற எண்ணெய் நுரையீரலுக்குப் போகும் என்பதை வேறொரு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இதுவரை எழுதியதை இன்று காலையில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பஸ்ஸில் நான் வாய் திறக்காமல் நின்ற இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. "அன்னைக்கு ஒனக்குப் பதிலா நான் பேச்சு வாங்கியிருக்கணும்," என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நான் நிறுத்தலீங்க," என்றாள்.

"என்னது?"

"நீங்க வெடியக்காலையில வேலைக்குப் போனீங்கள்ல. வாசலத் தாண்டுனதும் எடுத்துக் குடுத்துட்டேன். ரெண்டு பக்கமும் குடுத்தேன். அவன் எங்க தூங்குனான், தெம்பில்லாமக் கெடந்தான். அதுல கொஞ்சம் முழிச்சான். அப்புறந்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்னு கெளம்புனேன்."

"அப்ப நர்சம்மா கேட்டப்ப ஏன் சொல்லல?"

"எத்தன பேரு இருந்தாங்க பஸ்சுல. வூட்டுக்காரரு வேணாம்னாரு, நான் குடுத்தேன்னு சொன்னா ஒங்களுக்கு என்ன மரியாதை?"

"சரி, எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே. இத்தன வருஷம்."

"நீங்க கேக்கலியே," என்றாள். கீரைத் தண்டை ஒதுக்கிக்கொண்டே, "பிள்ள தவிச்சு அழுவுறப்ப மாரு கட்டிக்கிட்டு விண்ணு விண்ணுன்னு வலிக்குது. ஒடம்பே சொல்லுது குடுன்னு. ஒங்க பேச்சக் கேக்குறதா, அதக் கேக்குறதா?" என்று சொல்லிவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் உயிரை அந்தப் பஸ்ஸும் நர்சம்மாவும் ஒரு லிட்டர் தண்ணீரும் காப்பாற்றியதாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வருவதற்கு முன்பே ஒருத்தி ஆரம்பித்துவிட்டிருக்கிறாள். ஊர் முன்னால் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு, ஒரு சொல் இல்லாமல் என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்பதே இன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் பாதியை நீ மறந்துவிடுவாய். பரவாயில்லை. டாக்டர் இருக்கிறார், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, நானும் போன் எடுப்பேன். ஆனால் ஒரு நாள் வரும். பாப்பாவுக்குக் காய்ச்சல் இருக்காது, வாந்தி இருக்காது, எண்ணிப் பார்த்தால் மூச்சும் சரியாக இருக்கும். நீ வேலைக்குக் கிளம்பி நிற்பாய். கயல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு என்னமோ சரியாப் படல" என்பாள். அன்றைக்கு வண்டிச் சாவியை எடு. என்ன, ஏது என்பதைப் போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பா